எங்களுக்கு முன்பே கிளம்பிய பை

எங்கள் வீட்டில் கப்பலில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரே ஒரு ஆள்தான். மற்ற மூன்று பேருக்கும் தண்ணீர் என்றால் குழாயில் வந்தால் போதும். அப்பா அல்சூர் ஏரியில் மிதிபடகில் ஏறி, கரைக்குத் திரும்புவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தவர். அம்மா மெரினாவில் காலை நனைத்துவிட்டு, "பிசுபிசுன்னு இருக்கு" என்று கடலைப் பற்றிப் புகார் சொன்னவள். நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன். தப்பு கண்டுபிடிப்பது எனக்குப் பிறவிக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதை அம்மா கடைசி வரை நம்பவில்லை.

ஆசைப்பட்டது அத்தை. அப்பாவின் அக்கா.

அத்தைக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே மாமா இறந்துவிட்டார். இருபத்து மூன்று வயதில் தம்பி வீட்டுக்கு வந்தவள், பெங்களூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் வெளியூர் லைன் போட்டுக் கொடுத்தாள். பம்பாய், கல்கத்தா, மங்களூர், கொச்சின் எல்லாம் அவளுக்குக் காது வழியாகத் தெரியும். கால் வழியாக அவளுக்குத் தெரிந்த ஊர் பெங்களூரும், வருஷத்துக்கு ஒருமுறை வேலூரும்தான்.

ஒரு நாள் கொச்சின் லைனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது, அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக உறுமியதாம். காதிலிருந்து நெஞ்சு வரை அதிர்ந்தது என்பாள். "என்னங்க அது சத்தம்?" என்று அங்கிருந்த ஆபரேட்டரிடம் கேட்டிருக்கிறாள். "கப்பலு சேச்சி, கெளம்புது. நிங்ஙள் கண்டிட்டில்லே?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். பார்த்ததே இல்லையா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இந்தக் கதையை நான் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் லைன் கட்டாகும் இடத்தில் அத்தை நிறுத்திவிட்டு, தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

ஆகவே, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு ஐந்து நாள் சுற்றுலாக் கப்பல் என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்ததும் அத்தைக்கும் எனக்கும் இரண்டு இடம் போடத் தீர்மானித்தேன். இரண்டு பொம்பளைகள் தனியாகப் போவதாவது என்று அப்பா சேர்ந்துகொண்டார். அப்பா தனியாகப் போய் என்னத்தைத் தின்பார் என்று அம்மா சேர்ந்துகொண்டாள். கப்பல் திங்கட்கிழமை மதியம் கிளம்பும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில். எங்கள் லிங்கராஜபுரம் வீட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். இதில் தாமதமாவதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். பஞ்சாங்கம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

அப்பா மாநில அரசில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்கடை தோண்டுவதற்குக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் முதல் மண்வெட்டி போடச் சொல்வார் என்று அவரிடம் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாக்கடைகள் மழைக்காலத்தில் எப்படி நடந்துகொண்டன என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு வரை. ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் போதாதா என்று கேட்டேன்.

"வழியில ரயில்வே கேட் போட்டுட்டா?" என்றார்.

"அப்ப நாலு மணிக்கே கிளம்பலாம்."

"ரெண்டரை மணி நேரம் ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு என்னம்மா பண்றது? ஈ ஓட்டறதா?"

ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். ஆனால் ராகு காலத்தில் படி இறங்கக் கூடாது. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் அவர் பரஸ்தானம் என்ற வழியைக் கண்டுபிடித்தார். விஷயம் இதுதான். நாம் கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்பே வருகிற நல்ல நேரத்தில் நம் சாமான் கொஞ்சத்தைப் பையில் போட்டுப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் நாமே கிளம்பிய மாதிரி. அப்புறம் எந்தக் கெட்ட நேரத்தில் வேண்டுமானாலும் வீட்டை விட்டு இறங்கி, போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். நவக்கிரகங்களை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்றால் அவற்றைக் கண்டு எதற்காகப் பயப்படுகிறோம் என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிக்கணும்" என்றார் அப்பா.

பை நாம் போகிற திசையில் உள்ள வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்பா வேலைக்காலத்து திசைகாட்டியை எடுத்து வாசலில் வைத்துப் பார்த்தார். கொச்சி தென்மேற்கு. தென்மேற்கில் இருந்தது சிஸ்டர் வீடு.

சிஸ்டர் என்று தெருவே கூப்பிட்டது, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தமிழ்க் கிறிஸ்தவ அம்மாவை. தனியாக இருந்தார். டிசம்பர் மாதம் ஆதலால் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. பரஸ்தானத்தைக் கிறிஸ்தவர் வீட்டில் வைக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, "திசைக்கு மதம் கிடையாது" என்று அப்பா சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே புரட்சிக் கருத்து இதுதான், அதுவும் எதிர்ப் பக்கத்து வீட்டில் நாய் இருந்ததால்.

பையில் என்ன வைப்பது என்று சனிக்கிழமை முழுவதும் யோசனை. அம்மா ஒரு புடவை வைத்தாள். நான் ஒரு துண்டு போட்டேன். அத்தை அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். அப்பா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரயில் டிக்கெட், கப்பல் டிக்கெட், லட்சத்தீவுக்குள் நுழைய வாங்கியிருந்த அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைப் பைக்குள் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"இதை எதுக்குப்பா இதுல வைக்கறீங்க?"

"போற காரியத்துக்கு எது உயிரோ அதைத்தான் முதல்ல அனுப்பணும். துண்டையும் துணியையும் அனுப்பிட்டு கிளம்பிட்டேன்னு சொன்னா எந்த கிரகம் நம்பும்?"

"ஜெராக்ஸ் வைங்க."

"கிரகத்துக்கு ஜெராக்ஸா?" என்றார்.

ஞாயிறு காலை எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்பதால் பரிகாரமாக ஒரு துண்டு வெல்லம் தின்றார் அப்பா. அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு துண்டு போதும் என்று அம்மா சொல்லச் சொல்ல, தென்மேற்குக்கு இன்னும் அரைத் துண்டு என்று கணக்குச் சொல்லி அதையும் வாயில் போட்டுக்கொண்டார். வலது காலை எடுத்து வைத்துப் பையோடு வாசலைத் தாண்டினார். பை ஒருமுறை வெளியே போனால் மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் பயணமே கெட்டுவிடும் என்று இரண்டு தடவை எச்சரித்தார்.

திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம்.

எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அத்தை தானாகவே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கிளம்புகிறவருக்கு எதிரே அவள் வந்துவிடக் கூடாது. யாரும் அவளைப் போகச் சொல்லி நான் கேட்டதில்லை. இருக்கச் சொல்லியும் கேட்டதில்லை. வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு வெளியே வந்து, "போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். நான் மைசூருக்கு காலேஜ் பிக்னிக் போன அன்றுகூட அப்படித்தான். சின்ன வயதில் அத்தைக்கு யாராவது ஊருக்குப் போனால் வயிறு கலக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் புரிந்த வயதில் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

குளியலறைக் கதவைத் தட்டினேன். "அத்தை, வெளிய வாங்க. போறதே நாமதான்."

கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தாள். "அட ஆமா கண்ணு. பழக்கம்" என்றாள். நானும் சிரித்தேன்.

சிஸ்டர் பையை வாங்கி, முன்னறை நாற்காலியில், இயேசு படத்துக்கும் மாதா படத்துக்கும் கீழே வைத்தாராம். "ரெண்டு பேரும் பாத்துப்பாங்க சார்" என்றாராம். அப்பா திருப்தியாகத் திரும்பி வந்தார். சாஸ்திரப்படி நாங்கள் காலை எட்டு ஐந்துக்கே கொச்சிக்குக் கிளம்பிவிட்டோம். கிளம்பிய பிறகு வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு அத்தைதான் ஆரம்பித்தாள். அனுமதிச் சீட்டில் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள். லைன் போடுவதற்கு முன்னால் நம்பரை ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டுவது அவள் தொழில் பழக்கம். பையை வீட்டுக்குக் கொண்டு வராமல் அங்கேயே பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா அனுமதி கொடுத்தார். நானும் அத்தையும் போனோம். சிஸ்டர் வீட்டுக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். "சிஸ்டரா? பதினோரு மணிக்கே ஆட்டோ புடிச்சு போயிட்டாங்களே. ஆனேக்கல்ல அவங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். அடுத்த மாசம்தான் தேதி, முன்னாடியே வந்துடுச்சு."

முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தோம். இயேசுவும் மாதாவும் சொன்ன சொல் தவறாமல் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கும் அதற்கும் ஆறடி தூரம்.

ஐந்து நிமிஷத்தில் குடும்பமே அந்த ஜன்னலில் தொங்கியது. அம்மா வீட்டிலிருந்து ஒட்டடைக் குச்சியைக் கொண்டு வந்தாள். பையின் வாரில் குச்சியை மாட்டி ஜன்னல் வரை இழுத்துவிட்டால், கையை விட்டு ஜிப்பைத் திறந்து உறையை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம். அப்பா, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம் மேல" என்று பாலம் கட்டும் தோரணையில் உத்தரவு கொடுத்தார். நான் ஒரு குத்துக் குத்தினேன். பை நாற்காலியின் அந்தப் பக்கம் விழுந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

"பூட்டை உடைச்சிடலாம்" என்றேன்.

"அடுத்தவங்க வீட்டுப் பூட்டை உடைச்சு எடுத்தா அதுக்குப் பேரு பரஸ்தானமா?" என்றார் அப்பா.

"அப்ப அதுக்கு என்னதான் பேரு வச்சிருக்காங்க உங்க பஞ்சாங்கத்துல? நாம கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கெட்டு கிளம்பிடுச்சு. நாம இங்க நிக்கிறோம். க்ரூஸ் போறேன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்."

கத்திக்கொண்டே வீட்டுக்குள் வந்தோம். அம்மா அடுக்களையில் எலுமிச்சை சாதத்தைப் பொட்டலம் கட்டியபடி, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "அண்ணி முதல் முதலா வெளிய கிளம்பறாங்க. அன்னைக்குன்னு பாத்து இப்படி ஆகணுமா."

அம்மா அதைப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அத்தை முப்பது வருஷம் இரைச்சலுக்கு நடுவில் அடுத்தவர் பேச்சைப் பிரித்துக் கேட்டவள். அவள் காதில் விழாமல் இருக்காது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நேராகப் போய் டெலிபோன் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அப்போது செல்போன் கிடையாது, சிஸ்டரிடமும் கிடையாது. சிஸ்டரின் மகள் வீட்டு நம்பர் யாருக்கும் தெரியாது. மருமகன் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான் என்பது மட்டும் அத்தைக்கு நினைவிருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை. அத்தை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. வீட்டில் ரசம் போதுமா என்று கேட்கிற குரல் எங்கேயோ போய், மாநிலத்தையே வரிசையில் நிறுத்துகிற குரல் வந்தது. விசாரணை எண்ணைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் பேசினாள். "நமஸ்காரா அம்மா, நானு பெங்களூரு ட்ரங்க்கல்லி மூவத்து வர்ஷ இத்தே" என்று தன் முப்பது வருஷத்தை முதலில் எடுத்து வைத்தாள். மருந்துக் கடை நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடை எது என்று கேட்டு வாங்கினாள். ஒரு பேக்கரி. பேக்கரிக்காரர் எந்த நர்ஸிங் ஹோம் என்று சொன்னார். அந்த நம்பர் பிஸி. அத்தை பத்து விநாடி விட்டு மறுபடி சுழற்றினாள். மறுபடி பிஸி. நான் நகத்தைக் கடித்தேன்.

"ட்ரங்க் கால்னா காத்திருக்கணும் கண்ணு. லைன் இருக்கு. நம்ம முறை வரணும், அவ்வளவுதான்" என்றாள்.

ஏழாவது முறை கிடைத்தது. சிஸ்டரே லைனுக்கு வந்தார். அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஐயோ கர்த்தரே! பை! மறந்தே போச்சே அக்கா! இங்க பனிக்குடம் உடைஞ்சுடுச்சு, நான் எப்படி வருவேன்?"

"நீங்க வர வேணாம் சிஸ்டர். சாவி வந்தா போதும். மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்றாள் அத்தை.

சிவாஜிநகர் போகிற பஸ் நாலு மணிக்கு ஆனேக்கல்லில் நிற்கும். அதன் கண்டக்டர் கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நான் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வேன். பஸ் நம்பர், கண்டக்டர் முகம் எப்படி இருக்கும், மீசை உண்டா இல்லையா, எல்லாவற்றையும் மருமகனிடம் கேட்டு எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பப் படித்தும் காட்டினாள். அதன் பிறகுதான் ரிசீவரை வைத்தாள்.

ஸ்கூட்டியில் ஐந்து மணிக்கு சிவாஜிநகர் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஐந்தேகாலுக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரில் நிற்க ஒரு சாண் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் கறிக்கடைக் கூட்டம், இன்னொரு பக்கம் கிறிஸ்துமஸ் துணி வியாபாரம், நடுவில் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தன. ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. வந்த ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரையும் மீசை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒருவர் வெட்கப்பட்டார்.

ஐந்து நாற்பதுக்கு வந்தது. மீசை சரியாக இருந்தது. ஓடிப்போய், "ஆனேக்கல் சாவி" என்றேன்.

"பீகதகை தானே? நீங்களா அது, பை வீட்டுக்காரங்க?" என்று கண்டக்டர் சிரித்தார். மருந்து அட்டையில் கட்டிய சாவியைக் கொடுத்துவிட்டு, தோள்பையிலிருந்து பேக்கரிப் பொட்டலம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். "ஹெண்ணு மகு. பெண் குழந்தை. பஸ்ஸ எடுக்கிற நேரத்துல மருந்துக் கடைக்காரரு ஓடி வந்து சொன்னாரு. பஸ்ல எல்லாருக்கும் மைசூர் பாக். தாயி சௌக்கியம். ஓடுங்க, ட்ரெயின் போயிடும்." பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் எங்கள் கதை தெரிந்திருந்தது. ஒரு பாட்டி எனக்குக் கை காட்டினார்.

நான் தெருவுக்குள் நுழைந்தபோது ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். ஆட்டோ வாசலில் நின்றது, பெட்டிகள் ஏறியிருந்தன. அம்மா உள்ளே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை மடியில் வைத்திருந்தாள். சிஸ்டர் வீட்டைத் திறந்து, பையை எடுத்து, பூட்டி, சாவியை எதிர் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பெண் குழந்தை என்று சொன்னேன். அப்பா பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு விநாடி தயங்கினார். குழந்தை பிறந்த தீட்டு பைக்கு உண்டா என்று யோசிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறந்தது ஆனேக்கல்லில், பை இருந்தது லிங்கராஜபுரத்தில் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

"மணி ஆறாச்சு. ராகு காலம் முடிஞ்சுது. நல்ல வேளை" என்றார் அதன் பிறகு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு மேல் கிளம்பலாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு கூத்தும். ஆனால் அதைச் சொல்லச் சமயமில்லை, ஏனென்றால் அத்தையைக் காணோம்.

உள்ளே ஓடினேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

"அத்தை! நாமதான் போறோம், மறந்துட்டீங்களா? வாங்க!"

"மறக்கலை கண்ணு" என்றாள் உள்ளேயிருந்து. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன். காலையிலேருந்து ஒண்ணொண்ணா தடங்கல். நான் வர்றதாலதான் இருக்கும். நடுக்கடல்ல ஏதாவது ஆயிடப் போவுது. வேணாம்."

காலையில் பழக்கத்தால் உள்ளே போனவள், இப்போது முடிவெடுத்துப் போயிருக்கிறாள். கதவை உதைத்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். "இந்த டூரே உங்களுக்காகத்தான் அத்தை" என்று கத்தினேன். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அப்பா கேட்டுக்கு வெளியே பையோடு நின்றுகொண்டிருந்தார். என் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. பையை ஆட்டோவில் வைத்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. பையோடு கேட்டைத் திறந்தார். பையோடு படியேறினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பையோடு கூடத்தைத் தாண்டி வந்து குளியலறை முன்னால் நின்றார். "ஏங்க, பை! பை!" என்று ஆட்டோவிலிருந்து அம்மா அலறினாள்.

"அக்கா" என்றார் அப்பா. "நான் பையோட உள்ள வந்துட்டேன்."

பையைத் தூக்கிக் கதவில் ஒரு இடி இடித்தார்.

"பரஸ்தானம் போச்சு. காலையில கிளம்பினது கிளம்பாத மாதிரி ஆயிடுச்சு. இனிமே புதுசாத்தான் கிளம்பணும்."

"ஏன்டா தம்பி இப்படிப் பண்ணே?" என்றாள் அத்தை. குரல் உடைந்திருந்தது.

"நாப்பது வருஷமா நான் கிளம்பறப்பல்லாம் நீ இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. அப்பல்லாம் என்ன பெருசா நடந்துடுச்சு? பதினாலு ட்ரான்ஸ்ஃபர் வாங்கினேன். குல்பர்காவுக்கு ரெண்டு தடவை போட்டான். உன் முகத்தைப் பாத்துட்டுக் கிளம்பியிருந்தா ஒருவேளை ப்ரமோஷனாவது வந்திருக்கும்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நீ முன்னாடி நட. நாங்க பின்னாடி வர்றோம். நீ வரலைன்னா இந்த ரயிலும் வேணாம், கப்பலும் வேணாம். எனக்கு எப்படியும் வாந்திதான் வரப் போவுது."

தாழ்ப்பாள் திறந்தது. அத்தை ஏற்கெனவே பயணத்துக்கு உடுத்தியிருந்தாள். நெற்றியில் விபூதி, கையில் கைக்குட்டை. எங்களை யாரையும் பார்க்காமல் கூடத்தைத் தாண்டி, வாசல் படியில் இறங்கி, ஆட்டோவில் ஏறினாள். நாங்கள் அவள் பின்னால் போனோம். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று அப்பா உட்பட யாரும் கவனிக்கவில்லை.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, "நான் சொன்னேன் இல்ல?" என்றார். எட்டு நிமிஷம் ஒரு சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணினோம். ஆறு முப்பத்தாறுக்குக் கன்டோன்மென்ட் வந்து, பெட்டிகளைத் தலையில் தூக்காத குறையாகப் படியேறி, இறங்கி, மூச்சு வாங்க நடைமேடைக்கு வந்தால், அங்கே அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் எங்கேயோ மரம் விழுந்ததில் எங்கள் ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். கன்னடத்தில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார்கள். மூன்று மொழியிலும் அதே இரண்டரை மணி நேரம்தான்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். அம்மா மூடிக்கொண்டாள்.

"சௌகரியமாப் போச்சு" என்றார் அப்பா. "சாவகாசமா சாப்பிடலாம்." பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை வியாதியைப் பற்றிக் கவலைப்படாமல் ஆனேக்கல் மைசூர் பாக்கைப் பிரித்தார். முதல் துண்டை அத்தையிடம் நீட்டினார்.

மறுநாள் காலை ரயில் ஒவ்வொரு தென்னந்தோப்பிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நான் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன். கப்பல் ஒரு மணிக்கு. எங்கள் ரயில் எர்ணாகுளத்தில் நின்றபோது பன்னிரண்டரை. டாக்ஸிக்காரரை விரட்டித் துறைமுகத்துக்குப் போய் இறங்கினால், கப்பல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சாமான் ஏற்றி முடியவில்லையாம். மூன்று மணி நேரம் தாமதம். சீட்டுகளைச் சரிபார்த்தவர் அப்பாவிடம், "எதற்கு சார் இவ்வளவு அவசரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா, தாங்கள் நேற்றுக் காலை எட்டு ஐந்துக்கே கிளம்பிவிட்டதாக விளக்க ஆரம்பித்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தை மட்டும் அவசரப்படவில்லை. மேல் தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து, ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரட்டும் என்று மூன்று மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பா கப்பல் கிளம்புவதற்கு முன்பே முகம் வெளுத்து, பரஸ்தானப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சொன்னது போலவே, கடல் காற்று பிசுபிசுவென்று இருந்தது.

நாலு மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. அந்தச் சத்தம் இரும்புத் தரை வழியாகக் காலில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. அத்தை சட்டென்று எழுந்துவிட்டாள். கீழே கரையில் வழியனுப்ப வந்தவர்கள் கை அசைக்கத் தொடங்கினார்கள். தளத்தில் இருந்த எல்லோரும் ஓரத்துக் கம்பித் தடுப்பை நோக்கி ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஒரு அடி. பின்னால் கீழ்த்தளத்துக்குப் படி இறங்கும் கதவு ஒன்று திறந்திருந்தது. யாரோ கிளம்புகிறார்கள், நாம் மறைந்துகொள்ள வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரிந்திருக்கிறது. கால் அந்தக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா" என்று தரையில் உட்கார்ந்தபடியே அப்பா கூப்பிட்டார். கண்ணைத் திறக்கக்கூட அவரால் முடியவில்லை. "எங்கே போறே?"

அத்தை நின்றாள். கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கேயும் இல்லடா தம்பி" என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பித் தடுப்பு வரை போய், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரை மெல்ல விலகியது. தனக்குத் தெரியாத அத்தனை பேருக்கும் நேர் எதிரே நின்று, அத்தை கையை ஆட்டினாள்.